சி.டி.எஃப். போட்டிக்குத் தனியாகப் போய் நான் பட்ட பாடு

போன வாரம் எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற தங்கச்சி ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, சி.டி.எஃப்.னு ஒரு ஹேக்கிங் போட்டி இருக்குல்ல, அதுக்கு நான் மட்டும் தனியாப் பேர் கொடுத்துட்டேன். ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் இருக்காம், அதையும் சேர்ந்துட்டாப் போதும்னு சொல்றாங்க" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023 செப்டம்பரில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு என்னை உட்காரவைத்துப் பேச யாரும் இல்லை. அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதையும், அவள் போன பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிற பெண்கள் குழுவில் இருக்கிறார். நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு அறுப்பு. அப்படி ஒரு அறுப்பில் கைக்கு வந்த காசிலிருந்து 6,500 ரூபாய் வாங்கி, ஆன்லைனில் எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸ் ஒன்றில் கட்டினேன். இரண்டு மாதம் நடந்தது. ஹேக்கிங் கருவிகளோடு வருகிற காளி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எப்படிப் போடுவது, எந்தக் கருவியை எப்படி ஓட்டுவது என்று மட்டும் காட்டினார்கள். அந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. கேட்டால், "அதெல்லாம் அடுத்த லெவல் கோர்ஸ்ல வரும்" என்பார்கள். கடைசியில் சான்றிதழ் வந்தது. அம்மா அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, மாதா படத்துக்குக் கீழே மாட்டிவைத்தார். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாசி கட்டுகிற அம்மாவின் ஊறிப்போன விரல்கள்தான் கண்ணில் வரும்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிக்காகக் காசு கட்டிப் படிக்காதீர்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளையும் மனதில் வைத்து 2013-லிருந்து நடத்துகிற பிகோசி.டி.எஃப்.பின் பழைய கேள்விகள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. லினக்ஸ் கட்டளை ஒன்றுகூடத் தெரியாதவர்கள் ஓவர்தவயர் என்ற தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டை முதலில் முடிக்கலாம். புரோகிராமின் நினைவகத்தை உடைக்கிற வித்தை வேண்டுமென்றால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பவ்ன் காலேஜ் என்ற தளம் இருக்கிறது. ஒரு பைசா கிடையாது. எனக்கு இதெல்லாம் தெரிந்தது காசு போய்ச் சேர்ந்த பிறகுதான்.

போட்டி என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுகூடத் தெரியாமல்தான் நான் உள்ளே போனேன். சி.டி.எஃப். என்றால் கேப்சர் த ஃப்ளாக், கொடியைப் பிடிப்பது. 1996-இல் அமெரிக்காவில் டெஃப்கான் மாநாட்டில் தொடங்கிய பழக்கம். அதிகம் நடப்பது ஜெபர்டி வகை. நடத்துகிறவர்கள் முப்பது, நாற்பது புதிர் கொடுப்பார்கள். வெப் (இணையதள ஓட்டை), கிரிப்டோ (மறையெழுத்து), ரிவர்சிங் (புரோகிராமைப் பிரித்துப் படிப்பது), பவ்ன் (அதன் நினைவகத்தை உடைப்பது), ஃபாரன்சிக்ஸ் (கோப்புக்குள் தடயம் தேடுவது) என்று பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருள் அடைப்புக்குறி போட்ட ஒரு எழுத்துச்சரம் ஒளிந்திருக்கும், அதுதான் ஃப்ளாக். கண்டுபிடித்துப் பெட்டியில் போட்டால் மதிப்பெண். பல போட்டிகளில் ஒரு புதிர் 500-இல் ஆரம்பித்து, அதைத் தீர்க்கிற அணிகள் கூடக்கூட இறங்கிக்கொண்டே வரும். எத்தனை அணிகள் தீர்த்தன என்ற எண்ணும் பக்கத்திலேயே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குக் கலங்கரை விளக்கம் அந்த எண்தான். இருநூறு அணிகள் தீர்த்ததை முதலில் எடுங்கள். நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. மூன்று அணி மட்டுமே தீர்த்த புதிரில் போய் மோதிக்கொண்டிருந்தேன்.

தேர்ந்தெடுத்த போட்டியே எனக்கு ஒத்துவராதது. சி.டி.எஃப்.டைம் என்ற தளத்தில் உலகம் முழுக்க நடக்கிற போட்டிகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 100 வரை ஒரு வெயிட் எண்ணும் இருக்கும். எண் கூடினால் போட்டி கடினம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் அது பரிசுத்தொகையோடு சேர்ந்தது என்று நினைத்து, கூடுதல் எண் உள்ளதில் பெயர் கொடுத்தேன். நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் போட்டிருந்தார்கள். நள்ளிரவு பன்னிரண்டு என்றால் நமக்குக் காலை 5.30. அது தெரியாமல் முந்தின இரவு பன்னிரண்டுக்கே எழுந்து உட்கார்ந்து, ஐந்தரை மணி நேரத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்துவரை வராது. பேப்பரில் வந்திருந்ததாம், நான் பார்க்கவில்லை. லேப்டாப் பேட்டரி இரண்டு மணி நேரம் நின்றது. இன்வெர்ட்டர் இருக்கிற சித்தி வீட்டுக்குப் பாம்பனுக்கு பஸ் ஏறினேன். அங்கே போனால் அன்றைய 2 ஜிபி டேட்டா தீர்ந்துவிட்டது, ஏனென்றால் நாலு ஜிபிக்குப் பக்கம் வருகிற காளி லினக்ஸை அன்றைக்குத்தான் மறுபடி இறக்கப் பார்த்தேன். கூடுதல் டேட்டாவுக்கு மட்டும் அந்த இரண்டு நாளில் 180 ரூபாய். நம் கரையில் இருந்து விளையாடுகிறவர்கள் போட்டி அறிவிப்பைப் பார்த்த அன்றே மின்தடை நாளையும் விசாரித்துவிடுங்கள். பெரிய கோப்புகளை வாரநாளிலேயே இறக்கிவையுங்கள். இது ஹேக்கிங் அறிவில் சேராதுதான், ஆனால் என் முதல் பத்து மணி நேரம் இதில்தான் போனது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு படத்தை எடுத்தேன். துறைமுகப் படம், பிஎன்ஜி கோப்பு. அதற்குள் ஃப்ளாக் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கோர்ஸில், கோப்புக்குள் ஒளித்ததை வெளியே எடுக்கிற ஸ்டெக்ஹைட் என்ற கருவியைக் காட்டியிருந்தார்கள், அதை ஓட்டினேன். இந்த வகைக் கோப்பை ஏற்க மாட்டேன் என்றது. சரி, ஜேபெக்காக மாற்றிக்கொடுப்போம் என்று மாற்றி ஓட்டினேன். இப்போது கடவுச்சொல் கேட்டது. துறைமுகத்தின் பெயர், போட்டியின் பெயர், வருஷம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆயிரக்கணக்கான கடவுச்சொற்கள் உள்ள பட்டியலை ஏற்றி ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு காலை ஏழுவரை அதே படம்தான். அப்பா கடலுக்குப் போகக் கிளம்பும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே எடத்துல வலையப் போட்டுக்கிட்டு இருக்கியேம்மா, அங்க மீனு இருக்கான்னு பாத்தியா?" என்றார். எரிச்சலில் பதில் சொல்லவில்லை. போட்டி முடிந்து மற்றவர்கள் எழுதிய விளக்கத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. அந்த எண்களை 0, 1 என்று எழுதினால் வருகிற கடைசி இலக்கத்தில், அதாவது கடைசி பிட்டில், ஃப்ளாக்கை ஒளித்திருந்தார்கள். கடைசி பிட் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஜேபெக்காக மாற்றும்போது சுருக்குவதற்காக எண்களே மாறிவிடும், ஒளித்ததும் அழிந்துவிடும். எட்டரை மணிக்கு என் கையாலேயே ஃப்ளாக்கை அழித்துவிட்டு, அது இல்லாத படத்தில் பத்தரை மணி நேரம் தேடியிருக்கிறேன். இசெட்ஸ்டெக் என்ற கருவியில் ஒரே கட்டளை போதுமாக இருந்தது. ஒரு கருவி மறுத்தால் ஏன் மறுக்கிறது என்று படியுங்கள். மூலக்கோப்பைத் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். ஒரு புதிரில் இரண்டு மணி நேரம் புதிதாக ஒன்றுமே தெரியவில்லை என்றால் எழுந்துவிடுங்கள்.

ஞாயிறு மத்தியானம் வெப் புதிர் ஒன்றில், கோர்ஸில் சொன்னபடி ஓட்டை தேடுகிற தானியங்கி ஸ்கேனரை ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் என் இணைப்பை முடக்கினார்கள். விதிகள் பக்கத்தில் மூன்றாவது வரியிலேயே ஸ்கேனர் கூடாது என்று இருந்தது, நான் படிக்கவில்லை. போட்டிக்கான டிஸ்கார்ட் அரட்டையில் எழுதி மன்னிப்புக் கேட்ட பிறகு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். கை நடுங்கியது உண்மை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். போட்டிக்கென்று கொடுத்த முகவரிக்கு வெளியே ஒரு அங்குலம்கூடப் போகாதீர்கள். கற்ற கையோடு கல்லூரித் தளத்தையோ பக்கத்து ஊர்க் கடையின் தளத்தையோ தட்டிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன்படி நேர்மையற்ற நோக்கத்தோடு அனுமதியில்லாமல் நுழைவது மூன்று ஆண்டுவரை சிறையோ ஐந்து லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ வரக்கூடிய குற்றம். விளையாட்டாகச் செய்தேன் என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று நம்பாதீர்கள். திங்கள் காலை போட்டி முடிந்தபோது என் கணக்கில் இரண்டு ஃப்ளாக். அதில் ஒன்று, வருகிற எல்லோருக்கும் வரவேற்பாகக் கொடுப்பது.

இரண்டாவது போட்டி 2024 பிப்ரவரியில். இந்தத் தடவை நாலு பேர் சேர்ந்தோம். கீழக்கரையிலிருந்து ஒரு தோழி, தேவிபட்டினத்திலிருந்து ஒரு பையன், சாயல்குடியிலிருந்து ஒருவன். இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டெலிகிராமில் முன்பின் தெரியாத ஒருவர், "உங்களிடம் கிரிப்டோ ஃப்ளாக் இருக்கிறதா, நான் வெப் ஃப்ளாக் தருகிறேன்" என்று கேட்டார். மற்ற மூவரும் தூங்கியிருந்தார்கள். முதல் போட்டியின் அவமானம் மனசில் கிடந்தது. கொடுத்தேன், வாங்கினேன், அவர் கொடுத்ததைப் பெட்டியில் போட்டேன். சில போட்டிகளில் ஒரே புதிருக்கு ஒவ்வொரு அணிக்கும் வேறு வேறு ஃப்ளாக் கொடுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. வேறொரு அணியின் ஃப்ளாக்கை நாங்கள் போட்டது அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. காலையில் பட்டியலில் எங்கள் அணியே இல்லை. இரண்டு நாள் கண்விழித்து மூவரும் நேர்மையாக எடுத்த ஒன்பது ஃப்ளாக்கும் சேர்ந்து போய்விட்டன. கீழக்கரைத் தோழிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள எழுப்பியிருக்கலாமேடி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மூன்று வாரம் பேசவில்லை.

அவள் திரும்பப் பேசியபோது ஒரு நிபந்தனை வைத்தாள். யாரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது, செய்கிற ஒவ்வொன்றையும் எல்லோரும் பார்க்கிற ஒரே குறிப்பில் எழுத வேண்டும். அன்றைக்கு அது எனக்கான தண்டனை மாதிரி இருந்தது. ஆனால் இந்தப் போட்டி ஓடுவதே அதன் மேல்தான் என்று போகப்போகப் புரிந்தது. மார்ச்சிலிருந்து ஒன்பது மாதம் வாரத்துக்கு மூன்று ராத்திரி பழைய புதிர்களை எடுத்துப் போட்டோம். ஆளுக்கு ஒரு பிரிவு: எனக்கு கிரிப்டோவும் ஃபாரன்சிக்ஸும், அவளுக்கு வெப், பையன்கள் இருவருக்கும் ரிவர்சிங்கும் பவ்னும். பெரிய அணிகள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. கொல்லம் மாவட்டக் கடலோரத்தில் அமிர்தபுரியில் இருக்கிற பயாஸ் என்ற கல்லூரி மாணவர் அணி இந்தியாவின் முன்னணி அணிகளில் ஒன்று, அவர்களே இன்சி.டி.எஃப். என்ற போட்டியையும் நடத்தியிருக்கிறார்கள். சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கைமாற்றிக் கைமாற்றி வந்தது அது. அதுவும் நம்மைப் போல ஒரு கடற்கரைதான் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

2024 டிசம்பர் போட்டியில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மழை, வாடைக்காற்று, ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம். எனக்கு வந்தது ஆர்எஸ்ஏ என்ற பூட்டுமுறையில் ஒரு புதிர். பூட்டுகிற எண் 600 இலக்கத்துக்கு மேல், அடுக்கு 3. செய்தியை எண்ணாக்கி, அதை மூன்று தடவை போட்டுப் பெருக்கி, பூட்டுகிற எண்ணால் வகுத்து வரும் மீதியை மறையெண்ணாகத் தருவதுதான் முறை. கொடுத்திருந்த மறையெண்ணை எண்ணிப் பார்த்தால் 300 இலக்கம்கூட இல்லை. அப்படியென்றால் பெருக்கி வந்ததே பூட்டு எண்ணைவிடச் சின்னது, வகுத்ததில் ஒன்றும் குறையவில்லை, வெறும் கனமூலம் எடுத்தால் போதும். கண்டுபிடித்த சந்தோஷத்தில் பைதான் நிரல்மொழியில் மூன்றில் ஒரு பங்கு அடுக்கு என்று போட்டேன். முதல் நாலைந்து எழுத்து ஃப்ளாக்கின் தொடக்கமாகவே வந்தது, மிச்சமெல்லாம் குப்பை. இரண்டு மணி நேரம் முட்டினேன். பழைய நானாக இருந்தால் விடியும்வரை முட்டியிருப்பேன். குறிப்பில் எழுதினேன்: "அடுக்கு 3, கனமூலம்தான் வழி. முதல் 5 எழுத்து சரி, பிறகு குப்பை. ஏன்னு தெரியல. தூங்கப் போறேன்." காலை ஐந்துக்குத் தோழி எழுந்து அதைப் படித்திருக்கிறாள். கிரிப்டோ அவள் பிரிவே இல்லை. ஆனால் பைதானின் தசம எண் பதினைந்து இலக்கம் போலத்தான் துல்லியமாக நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். முழு எண்ணாகவே கனமூலம் எடுக்கிற ஜிஎம்பிஒய்2 நூலகத்தைப் போட்டாள், இரண்டே நிமிஷத்தில் ஃப்ளாக் வந்துவிட்டது. நான் எழுந்தபோது குறிப்பில் என் வரிக்குக் கீழே, "வந்துருச்சு. டீ குடி" என்று இருந்தது. அந்த ஒரு வரிக்கு நான் அழுதேன்.

எதை முயன்றேன், என்ன வந்தது, எங்கே நின்றேன் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். அப்புறம் தூக்கத்துக்கு முறை போடுங்கள். நாலு பேரும் சேர்ந்து விழித்திருந்தால் நாலு பேரும் சேர்ந்து மந்தமாகிவிடுவீர்கள். எங்களில் இரண்டு பேராவது எப்போதும் ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்தவர்களாக இருப்போம்.

அந்தப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்ததால் 2025 பிப்ரவரியில் நேரில் நடக்கும் இறுதிச்சுற்றுக்கு வேறொரு நகரத்துக்குப் போனோம். பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதனால் எனக்கு ராமநாதபுரம்வரை பஸ், அங்கிருந்து ரயில். போகவர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,900 ரூபாய். பயணச் செலவைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் டிக்கெட் எல்லாம் வேண்டும் என்றார்கள். பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டிருந்தோம், ரயில் காசு மட்டும் வந்தது. அங்கே எல்லாம் லேன் கேபிள். என் லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. பக்கத்துக் கடையில் அவசரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்து ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், கன்வெர்ட்டரும் ஸ்பைக் பஸ்டரும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

இறுதிச்சுற்று தாக்குதல்–தற்காப்பு வகை. இது வேறு உலகம். ஒவ்வொரு அணிக்கும் ஒரே மாதிரி ஒரு இயந்திரம், அதில் ஒரே மாதிரி ஓட்டைகளுள்ள நாலைந்து சேவைகள், அதாவது மற்றவர்கள் இணைந்து பயன்படுத்துகிற நிரல்கள். சில நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நடத்துகிறவர்களின் நிரல் நம் சேவையில் புது ஃப்ளாக்கை வைத்துவிட்டு, சேவை ஒழுங்காக ஓடுகிறதா என்றும் பார்க்கும். நாம் அடுத்த அணியின் ஃப்ளாக்கைத் திருட வேண்டும், நம்முடையதைக் காக்க வேண்டும், சேவையையும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். நாங்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, அவசரத்தில் கோப்பு இறக்குகிற வசதியையே வெட்டிவிட்டோம். திருட்டு நின்றது. ஆனால் சேவை பழுது என்று ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பெண் போய்க்கொண்டே இருந்தது. திருப்பிப் போடலாமென்றால் பழைய கோப்பை நகல் எடுத்துவைக்கவில்லை. எட்டு மணி நேரப் போட்டியில் மூன்று மணி நேரம் அப்படிப் போனது. உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் நகல் எடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், வருகிற போகிற தரவைப் பதிவு செய்ய ஆரம்பியுங்கள். நம்மை யாராவது தாக்கினால் அந்தத் தாக்குதலே பதிவில் கிடைக்கும், பதிவைப் பிரித்துக் காட்டுகிற வயர்ஷார்க் என்ற கருவியில் பார்த்து அதையே மற்ற அணிகள் மேல் திருப்பி விடலாம். நாங்கள் எடுத்த ஃப்ளாக்குகளில் பாதி அப்படி வந்ததுதான். பத்து அணிகளில் எட்டாவதாக வந்தோம்.

பரிசு இல்லை. கோர்ஸ், டேட்டா, கன்வெர்ட்டர், பயணம் எல்லாம் கூட்டினால் என் கையிலிருந்து மட்டும் 9,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. அதில் 6,500 போயிருக்கவே வேண்டாம். அம்மாவிடம் அந்தக் கணக்கை இந்த வருஷம்தான் சொன்னேன். சான்றிதழைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும், சுவத்துல ஆணி ஓட்ட தெரியும்" என்றார்.

இரண்டாம் ஆண்டுத் தங்கச்சி அந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டவில்லை. அவளை எங்கள் அணியில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்திருக்கிறோம், முதல் ஒரு மாதம் குறிப்பு எழுதுவது மட்டும்தான் வேலை. சனிக்கிழமை ராத்திரி 10.30-க்கு அடுத்த போட்டி. மின்தடை இல்லை, விசாரித்துவிட்டேன். தேவிபட்டினத்துப் பையனுக்குத்தான் முதல் தூக்கம்.